டேங்க் மோட்டாருக்கு எந்த போர்டு: ஊனோவா, ஈஎஸ்பி32-ஆ, பிக்கோவா?

மொட்டை மாடி டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், காலியானால் ஓட வேண்டும், முடிந்தால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் தெரிய வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் நோண்ட ஆரம்பித்து எல்இடி சிமிட்டிச் சலித்துப்போன நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அடுத்துக் கை வைப்பது இதில்தான். வீட்டில் இருப்பவர்களும் அப்போதுதான் இந்த ஒயர் குப்பையைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். சரி, எந்த போர்டு வாங்குவது? ரிச்சி தெருவில் போய் நின்றாலும் இணையக் கடையைத் திறந்தாலும் கண்முன் வந்து நிற்பவை ஆர்டுயினோ ஊனோ, ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிக்கோ என்ற, நாமே புரோகிராம் எழுதி ஏற்றக்கூடிய மூன்று சின்ன போர்டுகள்தான். கூடவே, சோனாஃப் மாதிரி ஒரு ரெடிமேட் வைஃபை சுவிட்சை வாங்கிப் பிரித்து, அதற்குள் நம் புரோகிராமை ஏற்றிவிடுவது என்று நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

போர்டுகளை ஒப்பிடும் எல்லாரும் முதலில் ஒரு அட்டவணை போடுவார்கள். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். ஈஎஸ்பி32 இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் ரேம். பிக்கோவின் ஆர்பி2040-உம் இரண்டு கோர், 133 மெகாஹெர்ட்ஸ், 264 கிலோபைட் ரேம். இந்த எண்களை வைத்துப் பார்த்தால் ஊனோ பரிதாபமாகத் தெரியும். ஆனால் நொடிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஒரு ரிலேயை (போர்டின் சின்ன சிக்னலில் இயங்கும் சுவிட்ச்) போட்டு எடுக்க 16 மெகாஹெர்ட்ஸே தாராளம். டேங்க் வேலையில் நான் பார்ப்பது வேறு: கரண்ட் போய்த் திரும்பி வருகிறதே, அந்தச் சில நொடிகளில் போர்டு என்ன செய்கிறது? மேசைமேல் யூஎஸ்பி கேபிளில் எல்லா போர்டும் ஒழுங்காகத்தான் ஓடும். மோட்டார் ரூமில், மழை நாளில், கரண்ட் நாலு தடவை போய்ப் போய் வரும்போதுதான் எது எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஊனோவில் தொடங்கலாம். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் பிறந்தது ஆர்டுயினோ, ஊனோ வந்தது 2010-இல். பழைய சரக்குதான், ஆனால் 5 வோல்ட் சரக்கு. அது இங்கே பெரிய வசதி. நம் கைக்குக் கிடைக்கும் மலிவு அல்ட்ராசோனிக் சென்சாரான ஹெச்சி-எஸ்ஆர்04, நீல நிற ரிலே மாட்யூல், எல்சிடி டிஸ்ப்ளே எல்லாமே 5 வோல்ட்டை மனத்தில் வைத்துச் செய்தவை. நேராகச் செருகினால் வேலை செய்யும். கரண்ட் வந்ததும் ஓரிரு நொடிக்குள் புரோகிராம் ஓட ஆரம்பித்துவிடும், அதுவரை பின்கள் (ஒயர் கட்டும் கால்கள்) எல்லாம் இன்புட்டாகச் சும்மா இருக்கும், ரிலே துள்ளாது. 13-ஆம் பின்னில் மட்டும் ரிலேயைக் கட்டாதீர்கள், ரீசெட் ஆகும்போது பூட்லோடர் (நம் புரோகிராமுக்கு முன் ஓடும் குட்டி புரோகிராம்) அந்தப் பின்னைச் சிமிட்டும்.

இன்னொரு வசதி, சில்லு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ஊனோ வாங்கினால் (28 கால் உள்ள பெரிய ஐசி, பார்த்தாலே தெரியும்) எரித்துவிட்டாலும் ஐசியை மட்டும் நெம்பி எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதே ஐசியைப் பிடுங்கி, ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு 22 பிகோஃபாரட் கெபாசிட்டர், ரீசெட் பின்னுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துத் தனி சர்க்யூட்டாகவும் மோட்டார் பெட்டிக்குள் வைத்துவிடலாம். நோண்டுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மலிவான நகல் போர்டுகளில் யூஎஸ்பிக்கு சிஹெச்340 சில்லு போட்டிருப்பார்கள், பழைய கம்ப்யூட்டராக இருந்தால் டிரைவர் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அசல் வாங்கும் காசில் மூன்று நான்கு ஈஎஸ்பி32 வந்துவிடும் என்பதால் நகலுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

2023-இல் வந்த ஊனோ ஆர்4 வேறு ஜாதி. வடிவமும் 5 வோல்ட்டும் அதேதான், உள்ளே ரெனேசாஸின் 32 பிட் சில்லு, 48 மெகாஹெர்ட்ஸ். கவனிக்க வேண்டியது ஒன்று: பழைய ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் வரை தைரியமாக எடுக்கலாம், ஆர்4-இல் 8 மில்லிஆம்பியர்தான். பழைய பாடங்களைப் பார்த்து எல்இடியையும் பஸ்ஸரையும் அப்படியே மாட்டுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஊனோவின் குறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வைஃபை கிடையாது. போனில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்த அன்றே ஊனோவின் கதை முடிந்துவிடும். ஊனோவோடு ஈஎஸ்பி-01 என்ற வைஃபை மாட்யூலை ஒட்டவைத்து ஏடி கமாண்ட் என்ற எழுத்துக் கட்டளைகளில் பேசவைக்கும் பாடங்கள் இன்னும் கிடைக்கின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அந்தச் சின்ன மாட்யூலுக்குள் இருக்கும் ஈஎஸ்பி8266, ஊனோவின் மூளையைவிடப் பல மடங்கு திறமையானது. முதலாளியை வாசலில் நிறுத்திவிட்டு வேலைக்காரனிடம் கணக்குக் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

அப்போது ஈஎஸ்பி32 தானே விடை? பெரும்பாலும் ஆமாம், ஆனால் இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் விட்ட ஈஎஸ்பி8266 வைஃபையின் விலையைத் தரைமட்டமாக்கியது, 2016-இல் ஈஎஸ்பி32 புளூடூத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தது. ஆர்டுயினோ மென்பொருளிலேயே புரோகிராம் எழுதலாம், லைப்ரரிகளுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் எல்லாம் பின்களில் இருக்கிறது. போர்டில் முப்பது, முப்பத்தெட்டு பின் இருக்கிறதே என்று இஷ்டத்துக்குக் கட்டக்கூடாது. 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் மெமரியோடு பேசிக்கொண்டிருப்பவை, தொடவே கூடாது. 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், புல்-அப்பும் (பின்னை வோல்டேஜ் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) உள்ளே கிடையாது, வெளியே 10 கிலோஓம் ஒன்று போட்டால்தான் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீரில் மிதந்து மட்டம் காட்டும் சுவிட்ச்) ஒழுங்காகப் படிக்கும். வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற பிரிவில் வரும் பின்களில் அனலாக் படிக்க முடியாது.

எல்லாவற்றிலும் குசும்பு பிடித்தது 12-ஆம் பின். போர்டு எழும்பும் நொடியில் இந்தப் பின் ஹையாக (3.3 வோல்ட்டில்) இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட்தான் வேண்டும் என்று சில்லு எடுத்துக்கொள்ளும். வழக்கமான மாட்யூல்களில் இருப்பதோ 3.3 வோல்ட் ஃபிளாஷ். அதனால் போர்டு எழும்பவே எழும்பாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: டேங்க் நிறைந்தால் மூடிக்கொள்ளும் ஃப்ளோட் சுவிட்சின் ஒரு முனை 3.3 வோல்ட்டில், மறுமுனை 12-ஆம் பின்னில். டேங்க் காலியாக இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் எல்லாம் சரியாக நடக்கும். நிறைந்திருக்கும்போது போய் வந்தால் போர்டு செத்த மாதிரி கிடக்கும், தண்ணீர் இறங்கியபின் ரீசெட் அழுத்தினால் மறுபடி உயிர் வரும். புரோகிராமில் எவ்வளவு தேடினாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் பிழை புரோகிராமில் இல்லை. 0, 2, 5, 15 பின்களுக்கும் எழும்பும்போது இதுபோல் தனி வேலைகள் உண்டு. 14-உம் எழும்பும்போது கொஞ்சம் துள்ளும். ரிலேக்கு 25, 26, 27, 32, 33 இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் நிம்மதி.

அடுத்தது வைஃபை. கரண்ட் வந்ததும் ஈஎஸ்பி32 ஒரு நொடிக்குள் எழுந்துவிடும், வீட்டு ரவுட்டர் எழுந்து நெட் பிடிக்க ஓரிரு நிமிடமாவது ஆகும். உதாரண புரோகிராம்களில் முக்கால்வாசி, வைஃபை கிடைக்கும்வரை இங்கேயே சுற்று என்று செட்டப் பகுதியிலேயே ஒரு வளையம் போட்டிருக்கும். அதை அப்படியே நகலெடுத்தால், நெட் இல்லாத நாளில் உங்கள் மோட்டார் கன்ட்ரோலர் டேங்கைப் பார்க்காமல் ரவுட்டரைத் தேடிக்கொண்டு நிற்கும். முதலில் ரிலேயை ஆஃபில் வை, பிறகு சென்சாரைப் பார், வைஃபை கிடைத்தால் கிடைக்கட்டும் என்று எழுத வேண்டும். போனில் தெரிவது உபரி, மோட்டார் நிற்பதுதான் வேலை. கரண்ட் போவதற்கு முன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்று ஞாபகம் வைத்து உடனே மறுபடி ஓட்டுவதும் எனக்குப் பிடிக்காது. வந்த கரண்ட் நிலையாக நிற்கிறதா என்று சில நிமிடம் பொறுத்திருந்து, சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, புதிதாக முடிவெடுப்பதே மோட்டாருக்கு நல்லது. இன்னொன்று, ஈஎஸ்பி32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு ஏன் சேரவில்லை என்று கேட்காதீர்கள்.

பவர் விஷயத்திலும் இது கொஞ்சம் செல்லப்பிள்ளை. வைஃபையில் அனுப்பும்போது நொடிப்பொழுதுக்குச் சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும், 500 மில்லிஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய சார்ஜரையும் நீளமான மெல்லிய கேபிளையும் போட்டால் வோல்டேஜ் சரிந்து பிரவுன்அவுட் என்று சீரியல் மானிட்டரில் அழுது ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். நல்ல சார்ஜர், குட்டை கேபிள், போர்டுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. பெரும்பாலும் சரியாகிவிடும். கேபிள் என்றதும் ஞாபகம் வருகிறது, போர்டை கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்றால் போர்டைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

3.3 வோல்ட் விவகாரம் ஈஎஸ்பி32, பிக்கோ இரண்டுக்கும் பொது. ஹெச்சி-எஸ்ஆர்04-இன் எக்கோ பின் 5 வோல்ட் தரும், அதை நேராகக் கொடுக்காமல் 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் குறைத்துக் கொடுக்க வேண்டும். 5 வோல்ட் ரிலே மாட்யூல்களில் பல, பின் லோ ஆனால் பிடிக்கும், ஹை ஆனால் விடும் வகை. நம் 3.3 வோல்ட் ஹை, அதன் கணக்கில் முழு ஹை இல்லை. சில மாட்யூல்களில் ரிலே விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஜேடி-விசிசி என்று எழுதிய ஜம்ப்பர் இருந்தால் அதைக் கழற்றி, ரிலே பக்கம் 5 வோல்ட்டும் சிக்னல் பக்கம் 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனி பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தபோது ராஸ்பெரி பை அமைப்பின் முதல் சொந்தச் சில்லு என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பிடித்த போர்டு. டேங்க் வேலைக்கு மட்டும் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதா பிக்கோவில் வைஃபை இல்லை, வைஃபை வேண்டுமென்றால் 2022-இல் வந்த பிக்கோ டபிள்யூ, அதை வாங்கும் காசுக்கு ஈஎஸ்பி32 இன்னும் எளிதாகக் கிடைக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆளும் அதிகம். பின் பெயர்களைப் போர்டின் அடிப்பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள், பிரெட்போர்டில் செருகியபின் யாருக்குத் தெரியும் அது? ஹெடர் (பிரெட்போர்டில் செருகும் பின் வரிசை) சால்டர் செய்யாத வகையை வாங்கினால் நாமே சால்டர் செய்ய வேண்டும். நேர்மையாகச் சொன்னால், கரண்ட் போய் வரும் சோதனையில் பிக்கோ நல்ல பிள்ளை. எழும்பும்போது அதன் பின்கள் மெல்லிய புல்-டவுனில் அமைதியாக இருக்கும், 12-ஆம் பின் மாதிரிக் கண்ணிவெடி எதுவும் கிடையாது. வைஃபையே வேண்டாம், பைத்தானில் எழுத வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பூட்செல் பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் மாதிரித் தெரியும், மைக்ரோபைத்தான் ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது.

பிக்கோ ஜெயிக்கும் இடம் வேறு: நோண்டும் மேசை. பழைய ரிமோட்டையோ பிரிண்டரையோ பிரித்துப்போட்டு, இந்த ஒயரில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டுமா? பிக்கோவிலேயே லாஜிக் அனலைசர் புரோகிராமை ஏற்றிக் கம்ப்யூட்டரில் சிக்னலைப் பார்க்கலாம். ஒரு பிக்கோவை இன்னொரு பிக்கோவுக்குப் பிழை தேடும் டீபக் கருவியாகவும் ஆக்கலாம். பிஐஓ என்று அதற்குள் எட்டுக் குட்டி இயந்திரங்கள் இருக்கின்றன, மெயின் கோரைத் தொந்தரவு செய்யாமல் பின்களை மிகத் துல்லியமான நேரக்கணக்கில் ஆட்டும், படிக்கும். இந்த வேலைகளுக்கு ஊனோ பக்கத்தில்கூட வராது. ஆகவே டேங்குக்கு ஈஎஸ்பி32, மேசைக்கு பிக்கோ என்று இரண்டும் வாங்குவது ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை.

நான்காவது வழிக்கு வருவோம். சோனாஃப் பேசிக் மாதிரியானவற்றைப் பிரித்தால் உள்ளே ஒரு ரிலே, ஒரு பவர் சப்ளை, ஒரு வைஃபை சில்லு. பழையவற்றில் ஈஎஸ்பி8266 குடும்பம், பேசிக் ஆர்4 என்ற புதியதில் ஈஎஸ்பி32-சி3. டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் என்ற இலவச ஃபர்ம்வேர்களில் (சில்லுக்குள் ஓடும் புரோகிராம்) ஒன்றை ஏற்றிவிட்டால் கம்பெனி ஆப் இல்லாமலே நம் பேச்சைக் கேட்கும். 5 வோல்ட் சப்ளை, ரிலே, பெட்டி எல்லாம் தனித்தனியாக வாங்கிக் கட்டுவதைவிட இது சுத்தமாக இருக்கும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மலிவு ஸ்மார்ட் பிளக்கை வாங்கி இதே வேலையைச் செய்யலாம் என்று கிளம்பினால் முதலில் மூடியைத் திறந்து மாட்யூலின் பெயரைப் படியுங்கள். பல பிராண்டுகள் ஈஎஸ்பியை விட்டுவிட்டு பெக்கென் நிறுவனச் சில்லு உள்ள சிபி2எஸ், சிபி3எஸ் மாட்யூல்களுக்குப் போய்விட்டன. அவற்றில் டாஸ்மோட்டா ஏறாது, ஓப்பன்பெக்கென் மாதிரி வேறு ஃபர்ம்வேர் தேட வேண்டும்.

அப்புறம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இந்த மலிவு பிளக்குகள் பலவற்றில் பவர் சப்ளை தனிமைப்படுத்தப்படாதது. கிரவுண்டு என்று நாம் நினைக்கும் ஒயரே 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கைச் சுவரில் செருகிய நிலையில் கம்ப்யூட்டரோடு சீரியல் கேபிளை இணைத்தால் கம்ப்யூட்டரும் போகும், ஆளும் போகலாம். சுவரிலிருந்து முழுக்கக் கழற்றி, உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்து (முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்), அதன்பின் 3.3 வோல்ட் சீரியல் அடாப்டரில் மட்டும் புரோகிராம் ஏற்ற வேண்டும்.

எந்த வழியில் போனாலும், அந்தச் சின்ன 10 ஆம்பியர் ரிலேயில் மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தானே என்று தோன்றும், கிளம்பும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும், ரிலேயின் இரண்டு முனையும் பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொண்டால் புரோகிராம் ஆஃப் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கன்டாக்டரின் (மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை இயக்கட்டும், கன்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் கொண்ட ஸ்னப்பர் போட்டால், ஆஃப் ஆகும்போது கிளம்பும் பொறி போர்டை ரீசெட் செய்வது குறையும். 230 வோல்ட் பக்கத்து ஒயரிங்கை எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் செய்வதில் எந்த அவமானமும் இல்லை.

செலவுக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. கன்டாக்டர், பெட்டி, மாடி வரை போகும் கேபிள் இவற்றின் பக்கத்தில் போர்டின் விலை ஒரு பொருட்டே இல்லை, அதில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஊனோ கிடக்கிறது, போனில் பார்க்கும் ஆசையும் இல்லை என்றால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள், இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் போதும். அல்ட்ராசோனிக்கைவிட ஃப்ளோட்தான் டேங்கில் நீண்ட நாள் உழைக்கும், சாதா ஹெச்சி-எஸ்ஆர்04 டேங்க் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். போர்டே இல்லாமல் கடையில் விற்கும் ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலரும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் என்பது உண்மை, ஆனால் இதைப் படிக்கும் யாரும் அதை வாங்கப்போவதில்லை.

புளூ பில் என்ற போர்டை வாங்கலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எஸ்டிஎம்32எஃப்103 சில்லு, 72 மெகாஹெர்ட்ஸ், மலிவு, பல பின்கள் 5 வோல்ட்டையும் தாங்கும், கற்றுக்கொள்ள அருமையான போர்டு. ஆனால் சந்தையில் இருப்பவற்றில் பலவற்றின் மேல் உட்கார்ந்திருப்பது வேறு கம்பெனியின் நகல் சில்லு, புரோகிராம் ஏற்ற எஸ்டி-லிங்க் என்ற கருவியோ சீரியல் அடாப்டரோ பெரும்பாலும் தனியாக வேண்டும், வைஃபையும் கிடையாது. ரெஜிஸ்டர் அளவில் இறங்கிப் படிக்க ஆசை இருந்தால் எஸ்டி-லிங்க்கோடு சேர்த்து வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோக வேண்டாம்.